கரும்பு வெட்டிய வம்சம்

"பிரஸ்ஸான் வம்சத்து ஆம்பளை அடுப்பைத் தொட்டதா சரித்திரமே இல்லை!" என்றார் ஒட்டாவியோ.

மனைவி டெல்ஃபீனாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான சோளமாவுக் களி, பொலெண்டா, கிளற அவளால் நிற்க முடியாது. அதைச் சொன்னதற்குத்தான் இந்த முழக்கம்.

"அந்தச் சரித்திரத்தை யார் பார்த்தா?"

"எங்க தாத்தா இத்தாலியிலேருந்து வந்து இந்த இங்ஹாம் ஊர் பூரா கரும்பு வெட்டினவர். வெட்டுன்னா அப்படியொரு வெட்டு!"

"நீங்க பேசறதும் வெட்டிதான்."

ஒட்டாவியோவுக்குச் சுருக்கென்றது. தாத்தா ஆஸ்திரேலியக் குடியுரிமை கேட்டபோது போலீஸ் விசாரித்து எழுதிய கோப்பு கான்பெரா ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதாம். நகல் கேட்டு எழுதிப் போட்டார்.

"வரட்டும். பிரேம் போட்டுக் கூடத்துல மாட்டறேன்."

"பழசைக் கிண்டாதீங்க."

"ஏன், பயமா?"

கோப்பு வந்தது. டிராக்டர் கொட்டகையில் நின்று பிரித்தார். படத்தில் அதே மூக்கு, அதே காது. அப்பாடா, தாத்தாதான். கீழே படித்தார்.

'தொழில்: கரும்பு வெட்டும் ஆட்களுக்குச் சமையல். வெட்டுக் கத்தி பிடித்ததில்லை. யோக்கியர். பொலெண்டா பிரமாதம்.'

கோப்பு ஸ்பானர் பெட்டிக்கு அடியில் போயிற்று.

"வந்துச்சா?" என்றாள் டெல்ஃபீனா.

"வந்துது, வந்துது. ஊரிலேயே தாத்தாதான் முதல் வெட்டு!"

"அடேயப்பா! சனிக்கிழமை திருவிழாவுல கையால கரும்பு வெட்டற போட்டி இருக்கே. அவரோட பேரனாச்சே, உங்க பேரைக் குடுத்துடறேன்."

ஒட்டாவியோ சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கொளுத்தும் வெயில். தொப்பை. குனிந்தால் பிடித்துக்கொள்ளும் இடுப்பு. வேலியில் சாய்ந்து சிரிக்கப்போகும் பக்கத்து வீட்டு நேரியோ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரணடைந்தார்.

"டெல்ஃபீனா... தாத்தா வெட்டலை. சமைச்சார்."

அவள் கொஞ்சமும் அதிரவில்லை. "பிரேம் போடறேன்னு குதிச்சவர் கோப்பைக் கண்ணுலயே காட்டலையே. அப்பவே நினைச்சேன்" என்று ஏப்ரனை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டாவியோ பொலெண்டா கிளறினார். முதலில் கட்டி தட்டியது. பிறகு கை தானாகவே சுழன்றது. நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த டெல்ஃபீனா இரண்டாவது தடவையும் தட்டை நீட்டினாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பார்த்தியா, இதெல்லாம் ரத்தத்துல வர்றது! இனிமே ஞாயித்துக்கிழமைன்னா இந்தக் கைதான்." தனக்கும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். "நல்லவேளை, நேத்துப் போட்டியிலேருந்து என் பேரை அடிச்சியே."

"குடுத்தாத்தானேங்க அடிக்கறதுக்கு?"