டிரைவரும் இல்லை, கிளீனரும் இல்லை

அன்பும் மரியாதையும் குறையாத அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இரண்டு நாற்காலிகளும் நலம். அங்கே நீயும் மாமாவும் மூட்டுவலி நீங்கலாக நலம் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பேச ஆரம்பித்தால் என் முறை வருவதற்குள் உன் அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

நான் டிரைவர் வேலைக்குப் போய்விட்டதாகச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் நீ சொல்லி வருகிறாயாம். பெரியப்பா மகன் போன் செய்து, "லாரியா, பஸ்ஸா?" என்று விசாரித்தான். பின்னாலிருந்து அவன் மனைவி, "டிரைவர் இல்லீங்க, கிளீனராம்" என்று திருத்தினாள். "இந்தக் கண்ணை வச்சிக்கிட்டு எப்படிடா ஓட்டுற?" என்று அவன் மெய்யாகவே வருத்தப்பட்டான். இத்தனைக்கும் காரணம், என் மனைவி உன்னிடம், "அவர் இப்போ ஏதோ டிரைவர்ல கிளீனிங் பண்ணிக்கிட்டு இருக்கார்" என்று சொன்னதுதான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அதுதான் சிக்கல்.

கம்ப்யூட்டருக்குள் வயர் இல்லாமல் இணையத்தை இழுத்துத் தரும் சின்ன அட்டை ஒன்று இருக்கிறது. அந்த அட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேசி முடித்துவைக்கும் புரோகிராமுக்குப் பெயர் டிரைவர். அது எதையும் ஓட்டாது. அதை எழுதியவர்கள், பின்னால் வருபவர்களுக்காக வரிகளுக்கு நடுவே குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். இது எதற்கு, இதை ஏன் தொடக்கூடாது என்கிற மாதிரி. கமெண்ட் என்பார்கள். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது. மனிதர்களுக்காக எழுதியது, மனிதர்களும் படிப்பதில்லை. அதில் எழுத்துப்பிழை திருத்துவதும், கோணலாக நிற்பதை நேராக்குவதும், உபயோகமில்லாததை எடுப்பதும்தான் என் வேலை, அதற்குத்தான் கிளீனிங் என்று பெயர். யார் வேண்டுமானாலும் செய்யலாம். சம்பளம் கிடையாது.

ஏன் செய்கிறேன் என்று கேட்பாய். ஆபீசில் எங்கள் பிரிவை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பிய கையோடு, என் மனைவி மகளின் பிரசவத்துக்குப் போனாள். பிள்ளை பிறந்தது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, இப்போது நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. பிரசவம் மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை. தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவோம். அதாவது அவள் போனைப் பிள்ளைக்கு நேராகப் பிடிப்பாள், பிள்ளை அதைப் பிடுங்கிக்கொள்ளும், அவர்கள் வீட்டு மின்விசிறி எனக்குத் தெரியும். அந்த மின்விசிறியும் நானும் நன்றாகப் பழகிவிட்டோம். மற்ற நேரத்தில் பேச ஆள் கிடையாது. அப்போதுதான் கமெண்டைத் திருத்தி அனுப்பினால் ஒரு மனிதர் பதில் போடுவார் என்று தெரியவந்தது.

அந்த டிரைவரைப் பராமரிப்பவர் அவர். எந்த நாடு, என்ன வயது, ஒன்றும் தெரியாது. ஒரே வரிக்கு மேல் எழுதமாட்டார் என்பதால் நான் வைத்த பெயர் 'ஒற்றைவரி'. முதல் திருத்தத்தை அனுப்பியபோது, "ஒரு முறைக்கு ஒரு விஷயம் மட்டும் அனுப்பவும்" என்று வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்து, நலம் விசாரித்து, என் ஆபீஸ் மூடப்பட்ட விவரம், பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்த விவரம் எல்லாம் சேர்த்து நன்றிக் கடிதம் எழுதினேன். "இந்த மெயில் குழுவில் டிரைவரைப் பற்றி மட்டும் எழுதவும்" என்று பதில் வந்தது. அதிலும் 'எழுதவும்' என்றுதானே இருக்கிறது, 'எழுதாதே' என்று இல்லையே என்று மறுநாளும் அனுப்பினேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது டிரைவரின் நடுவில் ஒரு கமெண்ட் கண்ணில் பட்டது. "இன்றைக்கு இது போதும். மீதியை நாளை வந்து முடிக்கிறேன்." எழுதியவர் பெயர் இல்லை. மிகப் பழைய வரி. நாளை என்றவர் ஏன் வரவில்லை? எனக்கு மனசே சரியில்லாமல் போய்விட்டது அக்கா. நாற்காலியைத் தள்ளிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒற்றைவரியோ, "அதில் தகவல் எதுவும் இல்லை, எடுத்துவிடவும்" என்றார். மாட்டேன் என்று எழுதினேன். ஒரு மனிதரின் கடைசி வார்த்தை, அது அங்கேயே இருக்கட்டும் என்று எழுதினேன். பதில் வரவில்லை.

அந்தத் துக்கத்தோடு வேறொரு கமெண்டைத் திருத்தியதில்தான் வினை வந்தது. கமெண்ட் எங்கே முடிகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு நட்சத்திரமும் ஒரு சாய்கோடும் போட வேண்டும். என் கை அதையும் சேர்த்து அழித்துவிட்டது. அடுத்து இருந்த வேலை செய்கிற வரிகளையும் வெறும் பேச்சு என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. அட்டையை எழுப்பிவிடுகிற வரி அதில் ஒன்று. கம்ப்யூட்டர் எச்சரிக்கை காட்டியது, இல்லை என்று சொல்லவில்லை. எச்சரிக்கைதானே, தப்பு என்று சொல்லவில்லையே என்று திருத்தத்தை அனுப்பினேன். அனுப்பிய பிறகு என் கம்ப்யூட்டரில் போட்டுச் சோதித்தேன். மற்றவர்கள் இதை வரிசை மாற்றிச் செய்வார்களாம். இணையம் போயே போய்விட்டது.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். என் போன் பேச மட்டும் தெரிந்த போன்.

"ஏன் கம்ப்யூட்டர்ல வரல?"

"ஒரு நட்சத்திரம் விட்டுப்போச்சு."

"என்னது?"

"நான்தான் கெடுத்துட்டேன். சரி பண்ணணும்."

"சம்பளம் வாங்கிக்கிட்டு கெடுக்கறவங்களப் பார்த்திருக்கேன். நீங்க சும்மாவே கெடுக்கறீங்க." அப்புறம், "சாப்ட்டீங்களா?" என்றாள். அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து மின்விசிறி இல்லாமல் அவளோடு பேசினேன்.

தவறான திருத்தத்தை அவர்கள் சேர்த்துவிட்டால் என்னைப் போல எத்தனை பேர் வீட்டில் இணையம் போகுமோ! உடனே தகவல் சொல்ல வேண்டும், வயர் வழியாகத்தான் சொல்ல முடியும். என் வீட்டுக்கு இணையம் தரும் பெட்டியை வீட்டுக்காரர் தன் அறையில் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். கீழே படங்களுக்குச் சட்டம் போடும் கடை. கடைக்காரர் ஆணி அடிப்பதை மாடியிலிருந்து தினமும் கேட்பேன், நேரில் பேசியதில்லை.

"நான் மேல்மாடியில இருக்கேன். கொஞ்சம் உங்க இன்டர்நெட் வயரை மாட்டிக்கலாமா?"

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேல ஆள் இருக்கா சார்? காலியா இருக்குன்னுல்ல நெனச்சேன். பாட்டெல்லாம் சத்தமா வச்சிருப்பேன். தொந்தரவா இருந்திருக்குமே."

"இல்ல இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

வயரை மாட்டினேன். என் திருத்தம் தப்பு, சேர்க்க வேண்டாம், மன்னிக்கவும் என்று அனுப்பினேன். காத்திருக்கச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டார், டீ வரவழைத்தார். ஒற்றைவரியிடமிருந்து பதில் வந்தது. முதல் தடவையாக ஒரு வரிக்கு மேல். "பார்த்துவிட்டேன், சேர்க்கவில்லை. எல்லோருக்கும் நடப்பதுதான். அந்தப் பழைய கமெண்ட் நான் எழுதியது. மறுநாளே வந்து மீதியை முடித்துவிட்டேன், கமெண்டை எடுக்க மறந்துவிட்டேன். நான் நலமாக இருக்கிறேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்."

என் முகத்தைப் பார்த்து, "நல்ல சேதியா சார்?" என்றார் கடைக்காரர்.

"செத்துட்டார்னு நெனச்ச ஒருத்தர் உயிரோட இருக்கார்."

"சொந்தமா?"

"ஒரு வகையில" என்றேன். அவர் சந்தோஷப்பட்டு இன்னொரு டீ சொன்னார்.

ஆகவே அக்கா, நான் லாரி ஓட்டவில்லை, லாரி கழுவவும் இல்லை. பொழுது போகாமல் தவிக்கிறேன் என்றும் யாரிடமும் சொல்ல வேண்டாம். நட்சத்திரத்தைத் திரும்பப் போட்டதும் என் இணையம் வந்துவிட்டது, கமெண்டை எடுத்துவிட்டேன், திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள், என் பெயர் அந்த டிரைவரின் வரலாற்றில் நிரந்தரமாக ஏறிவிட்டது. மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் முழங்காலுக்கு என் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
வேலையில் இருக்கும் உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் ஒற்றைவரி குழுவில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார். அந்த அட்டையை இப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் வைப்பதில்லையாம். டிரைவரை மொத்தமாகத் தூக்கிவிடலாம் என்று இருக்கிறார்களாம். நான் நேராக்கியது, திருத்தியது எல்லாம் அதோடு போகும். "இதை இன்னும் உபயோகிப்பவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். மத்தியானம் வரைக்கும் பார்த்தேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் நானே எழுதி அனுப்பினேன், "நான் இருக்கிறேன்" என்று.