பாய்மர மாமாவும் ஓட்டுக்கு அடியில் நாங்களும்

பினாங்குத் தீவில் வெயிலோடு மல்லுக்கு நின்ற ஒரே மனிதர் பாய்மர மாமாதான். அடி வாங்கியது மட்டும் நாங்கள்.

அப்பாவுடைய சிநேகிதர் அவர். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் தொங்காங் படகுகளுக்குப் பாய் தைப்பது தொழில். குவீன் ஸ்திரீட்டில் கீழே மிளகாய்க் கடை, அதன் பின்கட்டில் அவர், எல்லாவற்றுக்கும் மேலே ஓட்டுக்கு அடியில் நாங்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். மத்தியானத்தில் அந்த ஓட்டில் அப்பளம் சுடலாம்.

அந்த அறையில்தான் அம்மா என் தங்கச்சியைப் பெற்றாள். பிள்ளை பெற்றவள்மேல் நாற்பது நாள் காற்று படக்கூடாது என்று மருத்துவச்சி அக்கா சன்னலையெல்லாம் சாத்தி, இடுக்கில் துணியும் அடைத்துவிட்டாள். பத்தாம் நாள் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பால் குடிக்கவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. அப்பா முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மாமா எட்டிப் பார்த்தார். "இது கப்பலா இருந்தா எலிகூட இறங்கிப் போயிருக்கும் லா" என்றார்.

முதலில் ஓட்டின்மேல் ஈரச்சாக்கு போட்டார். தண்ணீர் சுமக்க நான். குழாயடியிலிருந்து முப்பத்தொரு படி. வாளிக்கு வாளி எண்ணினேன். எதிர்த்துப் பேச வராத பிள்ளைக்கு வேறென்ன கதி? சாக்கு எங்கே பிடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. கருவாட்டுச் சாக்கு. சாயங்காலத்துக்குள் தெருப்பூனை அத்தனையும் எங்கள் கூரைமேல். வழிந்த தண்ணீர் கடைக்குள் இறங்கி, முதலாளி மேலே ஏறி வந்தார்.

"பாய்மரம், என் மொளகா மூட்டையில நாத்து முளைக்குது."

"அப்ப பச்சை மொளகாவும் விக்கலாமே முதலாளி."

அடுத்து ஓட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். சூடு கொஞ்சம் தணிந்தது நிஜம்தான். அதைச் சுமந்த என் பாவாடையும் வெள்ளை, தலைமுடியும் வெள்ளை.

மூன்றாவதாக நாலு ஓட்டைக் கழற்றி, மூங்கிலை நட்டு, பாய்த்துணியில் துதிக்கை மாதிரி நீளக் குழாய் தைத்து உள்ளே தொங்கவிட்டார். கப்பல் அடித்தட்டுக்கு இப்படித்தான் காற்று இறக்குவார்களாம். மேல்வாய் கடலைப் பார்த்தது, கீழ்வாய் தொட்டிலைப் பார்த்தது.

மருத்துவச்சி அக்கா இடுப்பில் கை வைத்தாள். "காத்து படக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"பெத்தவ மேலதான படக்கூடாது? தொட்டில்ல கிடக்குறவ யாரையும் பெக்கலையே அக்கா."

அன்று குழந்தை பால் குடித்துத் தூங்கியது. அம்மா படுத்திருந்த பாய் நாளுக்கு ஒரு விரற்கடை தொட்டில் பக்கம் நகர்ந்ததையும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அந்தக் குழாய் காற்றை மட்டுமா இறக்கும்? அம்மா பதறி எழுந்து தொட்டிலை இழுப்பதற்குள் தண்ணீர் சட்டென்று நின்றது. மேலே பார்த்தேன். கழற்றிய நாலு ஓட்டின் இடத்தில், குழாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, மாமா உட்கார்ந்திருந்தார்.

"புள்ள நனைஞ்சிட்டாளா?" என்று கத்தினார்.

"இல்ல மாமா."

"தூங்குறாளா?"

"தூங்குறா."

"அப்ப சத்தம் போடாத."

கத்தியது அவர்தான்.

மழை விட வெகுநேரம் ஆனது. யாரும் சொல்லாமலே கீழே போய் ஒரு குவளை சுடுகாப்பி எடுத்துக்கொண்டு ஏறினேன். அந்தத் தடவை படி எண்ணவில்லை.