சோலார் அண்ணனின் இருட்டு ரூம்

கொல்லிமலையில் மேகத்தோடு வாய்ச்சண்டை போடுகிற ஒரே மனிதர் சோலார் அண்ணன்தான். மழை வந்தால் மலையே சந்தோஷப்படும். அவர் மட்டும் வாசலில் நின்று, "போதும் போங்க, பேட்டரி படுத்துக்கிச்சு" என்று மரியாதை குறையாமல் வானத்தைத் திட்டுவார்.

குண்டனி நாடு என்கிற மலைக்கிராமத்தில், கரண்டுக் கம்பம் எட்டாத காட்டுக்குள் அவர் வீடு. கூரைமேல் சோலார் தகடு, கட்டிலுக்கடியில் லாரி பேட்டரி. அதை வைத்து இருட்டு ரூம் நடத்துகிறார். ஃபிலிம் கேமராவில் படம் எடுத்து, இருட்டுக்குள் சின்னச் சிவப்பு பல்பை எரியவிட்டு, பழையபடி தாளில் பிரிண்ட் போடுகிற வேலை. "இருட்டுக்கு எதுக்குங்க கரண்டு?" என்று கேட்காத ஆளே கிடையாது. அவரும் சலிக்காமல் விளக்கிக்கொண்டிருப்பார்.

நான் மலைமேல் கடைத்தெரு உள்ள செம்மேட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர், கலர் பிரிண்டர், பின்னால் தொங்கவிட நீலத் துணி எல்லாம் உண்டு. உட்கார்ந்து எழுவதற்குள் பாஸ்போர்ட் சைஸைக் கையில் கொடுத்துவிடுவேன். ஆனால் ஜனங்கள் என் படத்தை ஆபீஸ் பாரத்தில் ஒட்டுவார்கள். அவர் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். வயிறு எரியுமா எரியாதா?

ஒருமுறை பக்கத்துக் காட்டு அம்மா, தகடு நன்றாகச் சுடுகிறதே என்று அதன்மேல் மரவள்ளி வத்தலைக் காயப்போட்டுவிட்டது. பேட்டரி ஏறவில்லை. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். இந்த மனுஷன், "ஏனுங்கம்மா, வத்தலுக்குப் பாதி வெயில், எனக்குப் பாதி வெயில்னு வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டாராம். அந்த அம்மாவும் பெருந்தன்மையாகப் பாதித் தகட்டை விட்டுக்கொடுத்தது. அதற்கும் ஊர் இவரைத்தான் மெச்சியது.

அதெல்லாம்கூடப் பொறுத்தேன். என் மனைவி செல்வி அவரிடம் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாளே, அதைத்தான் தாங்கமுடியவில்லை. என் கேமரா முன்னால் அவள் சிரித்ததே இல்லை. "கொஞ்சம் சிரி செல்வி" என்றால், "சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்பாள்.

நல்ல வெயில் பார்த்துக் கூட்டிப்போனேன். "அப்படியே நில்லு கண்ணு" என்றார் அவர். கண்ணாம்! பார்க்கப் பொறுக்காமல் நான் தள்ளிப்போய் என் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சனியனும் ஸ்டார்ட் ஆகவில்லை.

மறுநாளே மூடுபனி இறங்கிவிட்டது. வெயிலே இல்லை. போய்க் கேட்டால், "ஃபிலிம் கழுவியாச்சுங்க, பிரிண்ட் போடத்தான் பேட்டரில தெம்பில்ல" என்று நெகட்டிவை நீட்டினார். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் வெள்ளையெல்லாம் கருப்பாகத்தானே தெரியும்? செல்வியின் வாயில் வரிசையாகக் கருப்புப் பல். சிரித்திருக்கிறாள்! அதுவும் வாய்விட்டு! இந்த மனுஷனைப் பார்த்து!

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சிரிப்பை முழுசாகப் பார்க்காமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. ஸ்டுடியோவின் இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றி, பைக்கில் வைத்துக் கட்டி, இடுப்பு ஒடிய அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

சிவப்பு வெளிச்சத்தில், மருந்துத் தண்ணீருக்குள் வெள்ளைத் தாள் கிடந்தது. அதில் மெல்ல மெல்லச் செல்வி வந்தாள். கன்னம், பல், சிரிப்பில் பாதி மூடிய கண். ஆனால் அந்தக் கண் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் எங்கேயோ பார்த்தது.

"அப்படி என்னத்தச் சொல்லிச் சிரிக்க வெச்சீங்க?" என்றேன்.

"நான் எங்கீங்க சொன்னேன்? நீங்க அந்தப் பக்கம் பைக்க ஒதச்சு, செருப்புப் பறந்து போயி, ஒத்தக் கால்ல நொண்டி நொண்டி எடுக்கப் போனீங்கல்ல? அதப் பாத்துத்தான் உங்கூட்டு அம்மணி அப்படிச் சிரிச்சுது. நான் டக்குனு அமுக்கிப்போட்டனுங்க."

ஈரம் காயாத படத்தை இன்னொரு தரம் சிவப்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

கிளம்பும்போது, "பேட்டரிய எடுத்துக்குங்க சாமி, உங்க கடை இருட்டாப் போயிருமில்ல?" என்றார். "இங்கயே கெடக்கட்டும், உங்க வானத்த நம்ப முடியாது" என்று சிடுசிடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது செம்மேட்டில் கரண்டு போனால் என் ஸ்டுடியோவில் ஒன்றும் ஓடாது. இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு செல்வி கேட்பாள்: "அங்க அண்ணனுக்கு லைட்டு எரியுமில்லீங்க?"

எரியும். நன்றாக எரியட்டும்.