மேனேஜருக்கு இன்னும் ஒரு சிட்டிகை

பையின் வாயைத் திருகிப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை குலுக்கினார். உள்ளே சில்வண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உருண்டன. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றின் பின்னங்காலில் மட்டும் பழுப்பு நிறம் எட்டிப் பார்த்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. டப்பாவைத் திறந்து இன்னும் ஒரு கரண்டி கால்சியம் பவுடர், அதன்மேல் வைட்டமின் பவுடர், மறுபடி ஒரு குலுக்கல். கூண்டுக்குள் அவிழ்த்துவிட்டபோது அவை மாவு மில்லில் இரட்டை ஷிப்ட் முடித்துவிட்டு வருபவை போலத் தள்ளாடி வந்தன.

கிளையில் உட்கார்ந்திருந்த பச்சோந்தி ஒரு கண்ணால் அவற்றைப் பார்த்தது. இன்னொரு கண்ணால் சுவரைப் பார்த்தது. பிறகு இரண்டு கண்ணாலும் சுவரைப் பார்த்தது.

"சாப்பிடு ராஜா. எல்லாம் உனக்குத்தான்."

இவரை உங்களுக்குத் தெரியும். 'கூடப் போட்டா என்ன, கெட்டா போயிடும்?' என்கிற இனம். நீங்கள் தட்டின்மேல் இரண்டு கையையும் விரித்து மூடினாலும் விரல் சந்து பார்த்து ஊற்றுபவர், ஆணி முழுதாக உள்ளே போன பிறகும் உறுதிக்காக நாலு அடி அடித்துச் சுவரைப் பெயர்ப்பவர், ஊருக்குப் போகுமுன் ரோஜாச் செடிக்கு ஒரு வாரத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றிவிட்டு, திரும்பி வந்து அழுகிய வேரைக் கையில் பிடித்துக்கொண்டு "வெயில் ஜாஸ்தி போலிருக்கு" என்பவர். இவரிடம் 'போதும்' என்று சொல்லிப் பாருங்கள். கூச்சப்படுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்.

அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் இவருக்கு டானிக் என்று பெயர். எடை அளவு ஆய்வாளர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கடை கடையாய்ப் போய்த் தராசுகளைச் சோதிக்கிறார். எடை குறைந்தால் அபராதம். கூடினால்? கூட நிறுக்கிற கடைக்காரரை அவர் இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே, குறைவு குற்றம், கூடுதல் புண்ணியம் என்பது எலும்பில் ஏறிவிட்டது. மற்றவர்களுக்கு எலும்பில் கால்சியம் ஏறும்.

பச்சோந்தி மகளுடையது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் பார்ப்பதாலும் எந்தக் காரியத்தையும் உடனே செய்யாததாலும் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். வேறு ஊரில் வேலை கிடைத்துப் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "பவுடர் லேசாப்பா. கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாததுமா."

அவர் 'தெரிஞ்சும்' வரை கேட்டார்.

அந்த மகளும் இதே கரண்டியில் வளர்ந்தவள்தான். அவள் ஜன்னல் வழியே துப்பிய டானிக்கைக் குடித்துக் கீழே இருந்த குரோட்டன்ஸ் செடி மதிலைத் தாண்டியது. அவ்வளவு தூரத்தில் வேலை தேடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது அவருக்குத் தெரியாது. மனைவியோ வாயை மூடக் கற்றுக்கொண்டு வெகுகாலமாயிற்று. இந்த வீட்டில் அவருக்கு மிச்சம் இருந்தது மேனேஜரின் வாய் ஒன்றுதான். அதுவும் மூடிக்கொண்டால் மனுஷன் கரண்டியை வைத்துக்கொண்டு எங்கே போவார்?

சனிக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள்.

"அப்பா, அதோட கழுத்தைக் காட்டு."

"பாத்தியா! சதை போட்டிருக்கான். நீ வெச்சிருந்தப்ப வத்தலும் தொத்தலுமா இருந்தான்."

"அது சதையில்லப்பா, வீக்கம். என்ன போட்டே?"

"லேசாத்தான்."

"அம்மா, நீ சொல்லு."

மனைவி அலமாரியிலிருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாய் எடுத்து, நகைக்கடை விளம்பரத்தில் காட்டுவதுபோல், போனுக்கு முன்னால் காட்டினாள். ஒரு டப்பாவில் குதிரைப் படம் போட்டிருந்தது. "நாலு நாளா அது எதையும் தொடலை" என்று மட்டும் சொன்னாள்.

மகள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "டாக்டர்கிட்ட காட்டுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அது தானா சாப்பிடலைன்னா மாமா வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள்.

மாமா என்பது மனைவியின் தம்பி. மீன் தொட்டி வைத்திருந்தார். மீன்கள் உயிரோடும் இருந்தன. இதை டானிக் ஒருநாளும் மன்னித்ததில்லை.

டாக்டர் மேனேஜரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வைட்டமின் அதிகமாகி நீர் கோத்திருக்கு. நான் சொல்ற வரைக்கும் ஒண்ணும் போடாதீங்க. பூச்சியை வெறுமனே விடுங்க. இலையில தண்ணி தெளிச்சா நக்கிக்கும். பக்கத்துல நின்னு மொகத்தையே பாக்காதீங்க."

"ஒண்ணும்னா... எவ்வளவு டாக்டர்?"

"ஒண்ணும்னா ஒண்ணும்தான் சார்."

"சும்மா ஒரு சிட்டிகை?"

டாக்டர், டானிக்கின் மனைவி பக்கம் திரும்பினார். "டப்பாவையெல்லாம் எங்க வைப்பீங்க?"

"இனிமே என் பீரோவுல. சாவி என் இடுப்புல."

மலை ஏறி மூலிகை பறித்து வரச் சொல்லியிருந்தால் போயிருப்பார். கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னால் எப்படி? கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். கம்பிவலையில் மூக்கு பதியும்படி நின்றார். வெறும் சில்வண்டுகள் கிளையில் ஏறி மேனேஜரின் கால்விரலருகே உலாவின. அது நம்பவில்லை. சூடு கண்ட பூனை பாலைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுச் சுவருக்குத் திரும்பிக்கொண்டது. சுவருக்குத் திரும்பினால் அங்கே இவர் முகம்.

வாரக் கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மேனேஜருக்குத்தானே கூடாது? சில்வண்டுக்குக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லையே? ஆபீஸ் பையின் உள்ளறையில் ஒரு பொட்டலம் இருந்தது. (இந்த இனத்தின் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். உங்கள் பையைப் பிறகு பாருங்கள்.) சில்வண்டுப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் பின்னால் குரல் கேட்டது.

"என்னங்க பண்றீங்க அங்க?"

பவுடர் முழுவதும் தரையில் கொட்டியது. ஒரே ஒரு சில்வண்டு, ஒரு தூசு படாமல், அவர் தோளில் ஏறிக் குதித்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போயிற்று. அங்கிருந்து பாட ஆரம்பித்தது.

"பேஷ். இப்ப கச்சேரி வேறயா?" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் காற்று வர ஓட்டை போட்ட பெட்டியோடு வந்தார். கூண்டைக் கழற்ற வேண்டியிருந்ததால் மேனேஜரை ஜன்னல் திரையில் ஏற்றிவிட்டார்கள். டானிக் இலைகளை ஒவ்வொன்றாய்த் துடைத்தார். விளக்கின் வயரைச் சுற்றினார். சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

"என்ன அத்தான், பேச்சையே காணோம்? அங்க வந்து அப்பப்ப பாத்துக்கலாம், விடுங்க. ஆனா கைய வீசிக்கிட்டு வரணும்."

அவர் சிரிக்க முயன்றார். அவர் சட்டைப் பையில் ஒரு சின்னக் கரண்டி நீட்டிக்கொண்டிருந்ததை மனைவி பார்த்தாள். காலிக் கரண்டி. அவளுக்குச் சட்டென்று அவர்மேல் பாவமாக இருந்தது. ஆனாலும் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பிளக்கைப் பிடுங்க அவர் குனிந்தார். மைத்துனர் பெட்டிக்குள் துணி விரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சில நொடிகள் மேனேஜரை வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. அது வந்த நாளிலிருந்து கிடைக்காத சுகம். ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து கிளம்பிய பாடகர் திரையின் மடிப்பில் ஏறி வந்தார், சுத்தமான பழுப்பு நிறத்தில், கடவுள் படைத்தபடி.

மேனேஜரின் இரண்டு கண்களும் ஒரே பக்கம் திரும்பின.

ஒரு சொடுக்கு. பிறகு மெல்லும் சத்தம்.

"அத்தான்! தின்னுடுச்சு!"

அவர் நிமிர்ந்தார். மேனேஜரின் வாயோரம் ஒரு கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியது. கலங்கிய வேகத்தில் தெளிந்தும் விட்டது.

"பாத்தியாடா? உள்ள சத்து இருக்கப் போய்த்தானே நாக்கு அவ்வளவு தூரம் போச்சு! ரெண்டு மாசமா யாரு ஏத்தினது?"

மைத்துனர் அக்காவைப் பார்த்தார். அக்கா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பெட்டி காலியாகத் திரும்பிப் போயிற்று.

மறுநாள் திங்கட்கிழமை. டானிக் சந்தையில் தராசுகளைச் சோதித்தார். எடை குறைந்த ஒரு கடைக்கு அபராதம் போட்டார். மாலை வீடு திரும்பி இலைகளில் தண்ணீர் தெளித்தார். வெறும் சில்வண்டுகளை உள்ளே விட்டுவிட்டு, டாக்டர் சொன்னபடி அடுத்த அறைக்குப் போய் நின்றார். மேனேஜர் ஒன்றைப் பிடித்தது. கழுத்து வீக்கம் அப்படியேதான் இருந்தது. மகளுக்குப் போன் செய்து சொன்னார். அடுத்த அறையில் சும்மா நிற்க முடியாததால் மனைவிக்குப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். அவள் குடித்தாள். டம்ளரின் அடியில் ஏதோ வெள்ளையாகக் கரையாமல் நின்றது.

"போதுங்க" என்றாள்.

அவர் காதில் விழவில்லை. சற்று முன் உங்கள் வீட்டிலும் யாரோ இதையே சொன்னார்கள். உங்களுக்காவது கேட்டதா?