புகார் எண் நானூற்றுப் பன்னிரண்டு

"குறை என்னன்னு சொல்லுங்க" என்றாள் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எழுத்தர்.

"குறை ஒண்ணும் இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

வல்லரசுக்குப் பின்னால் பதினான்கு பேர் ஆளுக்கொரு மனுவோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று குரலைத் தாழ்த்தி, நகராட்சிக்கு நன்றி சொல்லிக் கடிதம் கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னார். எழுத்தர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் படிவத்தைப் பார்த்தாள். தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, சாலை, நாய்த்தொல்லை, இதர என்று ஆறு கட்டங்கள் இருந்தன. நன்றிக்குக் கட்டம் இல்லை. ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட்டால்தான் எண் விழும், எண் விழுந்தால்தான் கடிதத்தை வாங்க முடியும் என்றாள்.

"இதரல போட்டா ஆறு மாசம் தூங்கும். சாலைல போட்டுடறேன். சரியா?"

சரி என்றார். ரசீது வந்தது. 'தங்கள் புகார் பெறப்பட்டது. எண் 412. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.'

வல்லரசு என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல, தெரு வைத்தது. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊர்க்காரர்களின் புகார் மனுக்களைக் கண்ணாடி மேல் கவிழ்த்துப் போட்டு நகல் எடுப்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவர் நாட்டைப் பற்றி என்ன நினைக்க வேண்டுமோ அதற்கு நேர்மாறாக நினைத்தார். புதிதாக ஒரு பஸ் விட்டால் போதும், "பாத்துக்கிட்டே இருங்க, இன்னும் பத்தே வருஷம்" என்பார். பத்து வருஷத்துக்கு முன்னாலும் இதையேதான் சொன்னார் என்பது அவர் மனைவியின் வாதம். ரேடியோவில் தேசிய கீதம் வந்தால் இயந்திரத்தில் காகிதம் சிக்கிக் கதறினாலும் கவலைப்படாமல் எழுந்து நிற்பார்.

அவர் கடை வாசலில் மூன்று வருஷமாக ஒரு குழி இருந்தது. அதைப் பற்றிய புகார்களை மட்டுமே எழுபது எண்பது நகல் எடுத்திருப்பார். போன வாரம் ஒரு காலை, சாலை வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தெருவே தார்க்காரம்மா என்று கூப்பிடுகிறவள், பக்கத்துத் தெருவில் மிஞ்சிய தார்க் கலவையை இரும்புச் சட்டியில் சுமந்துகொண்டு வந்து அந்தக் குழியில் கொட்டி, இடித்துச் சமன் செய்து, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். யாரும் அவளை அனுப்பவில்லை. வல்லரசு அன்றைக்கே கடையைப் பாதியில் மூடிவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

'ஐயா, எங்கள் தெருக் குழி மூடப்பட்டது. யாரும் சொல்லாமலே ஒரு அம்மா வந்து மூடினார். சொல்லாமலே வேலை செய்கிறவர்கள் இருக்கிற நாடு கட்டாயம் முன்னுக்கு வரும். நான் பார்க்காவிட்டாலும் என் பேத்தி பார்ப்பாள். உங்கள் எல்லோருக்கும் நன்றி. நாங்கள் நலம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும்.'

மனைவி படித்துப் பார்த்தாள். "இது மனுவா, சம்பந்தி வீட்டுக்குப் போடற கடிதாசியா?" என்றாள்.

மூன்றாம் நாள் சாலை ஆய்வாளர் கடைக்கு வந்தார். பின்னாலேயே ஒரு வயதான பியூன் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி வந்து நின்றார். ஆய்வாளர் உட்காரவில்லை, சிரிக்கவில்லை. கோப்பைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"நீங்க எழுதினதுதானே? வாசிங்க."

வல்லரசு வாசித்தார். 'சொல்லாமலே வேலை செய்கிறவர்கள்' என்ற இடத்தில் ஆய்வாளர் கையைத் தூக்கி, அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆளைச் சரியாகப் பார்த்து வைத்துக்கொள்வதற்கு என்று வல்லரசு நினைத்தார். குழியை மூடிய பெண்ணின் அடையாளங்களைக் குறித்துக்கொண்டு ஆய்வாளர் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து இன்ஜினியரே வந்தார். அதே பியூன், அதே கோப்பு. இன்ஜினியர் குழி இருந்த இடத்தில் ஏறி நின்று இரண்டு தடவை காலால் மிதித்துப் பார்த்தார். பிறகு கடிதத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடிக்கும்வரை தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தம்மா உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல சார்."

"பழக்கமா?"

"ஒரு சொம்பு தண்ணி குடுத்தேன் சார்."

இன்ஜினியர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தக் கடிதத்தை நல்ல காகிதத்தில், ஓரம் வெட்டுப்படாமல், மூன்று நகல் எடுத்துத் தரச் சொன்னார். தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே தெளிவாக நகல் எடுத்துக் கொடுக்கும் நிலைமை எந்த ஜெராக்ஸ்காரனுக்கும் வரக் கூடாது என்று வல்லரசு நொந்துகொண்டார்.

"அவ உங்களுக்கு ஏதோ குடுத்து எழுத வெச்சான்னு நினைக்கறாங்க" என்றாள் மனைவி. "இல்லேன்னா மூணு காப்பி எதுக்கு?"

புதன்கிழமை தார்க்காரம்மாவே வந்தாள். கடைக்குள் வரவில்லை, படியோடு நின்றுகொண்டாள்.

"அண்ணே, திங்கக்கெழமை ஆணையர் ரூமுக்கு வரச் சொல்லிருக்காங்க. பதினோரு வருஷமா தினக்கூலிண்ணே நானு. இந்த வருஷம்தான் நிரந்தரம் ஆகற பட்டியல்ல பேரு வந்திருக்கு. அந்தக் குழிய உத்தரவு இல்லாமத்தான் மூடினேன். நீங்க என்ன எழுதிக் குடுத்தீங்க?"

"நன்றின்னுதாம்மா எழுதினேன்."

"அப்படி யாராச்சும் எழுதுவாங்களாண்ணே?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அவளுக்கு இரண்டு பெண்கள், பெரியவள் கல்லூரியில் படிக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் மதிப்பெண் பட்டியலை அவர்தான் நகல் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை முதல் ஆளாக ஜன்னலில் போய் நின்றார். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். குறை தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால்தான் புகாரைத் திரும்பப் பெற முடியும் என்றாள் எழுத்தர். குறையே இல்லாதபோது எப்படித் தீரும் என்று இவர் கேட்க, அதை ஆரம்பத்திலேயே யோசித்திருக்க வேண்டும் என்று அவள் சொல்ல, கொஞ்ச நேரம் போனது. கடைசியில் அவள் உண்மையைச் சொன்னாள்.

"கோப்பு இங்க இல்ல சார். நேத்து ஆணையர் வீட்டுக்குப் போயிருக்கு."

வீட்டுக்கே எடுத்துப் போய் ஆராயும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது என்று தெரிந்ததும் வல்லரசுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்று பூராவும் யோசித்தார். பாராட்டியதால்தானே சந்தேகம் வந்தது, திட்டிவிட்டால் சந்தேகம் போய்விடும் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை இன்னொரு கடிதம் கொடுத்தார். மூடிய இடம் இடது பக்கம் மேடாக இருக்கிறது, தண்ணீர் கடைக்குள் வருகிறது, வேலை செய்த பெண்ணுக்குக் கொஞ்சமும் அக்கறை இல்லை. இந்த முறை எழுத்தர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சட்டென்று டிக் போட்டு, 431 என்று எண் போட்டு, ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். மனைவி அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நிரந்தரம் ஆகப்போற நேரத்துல அவ மேல புகார் குடுத்துட்டு வந்து நிக்கறீங்க. மூடின குழிய உங்க கையாலயே மறுபடி பறிச்சிட்டீங்க, அவளுக்கு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோவில் தேசிய கீதம் ஒலித்தது. வல்லரசு உட்கார்ந்தே இருந்தார். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, அவருக்கும் சேர்த்து அவள் எழுந்து நின்றாள்.

திங்கட்கிழமை அவரும் தார்க்காரம்மாவோடு போனார். நடந்ததை வழியில் அவளிடம் ஒப்புக்கொண்டார். அவள் நடையை எட்டிப் போட்டாள். அதுவே அவருக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

ஆணையர் அறையில் ஆணையரோடு இன்ஜினியர், ஆய்வாளர், எழுத்தர், இன்னும் முன்பின் தெரியாத எட்டுப் பேர் சுவரோரமாக வரிசையாக நின்றிருந்தார்கள். ஒரு குழிக்கு இத்தனை பேரா என்று நினைத்தார் வல்லரசு. ஆணையர் கோப்பைத் திறந்தார். தார்க்காரம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"வாசிங்க" என்றார் வல்லரசைப் பார்த்து.

வல்லரசு வாசித்தார். எத்தனையோ தடவை வாசித்த கடிதம் அன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது. 'நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும்' என்று முடித்தார். அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, இதுல இருக்கறதெல்லாம் சத்தியம். ரெண்டாவதா ஒண்ணு எழுதினேன் பாருங்க, அதுதான் பொய். அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. ஏதாவது பண்றதுன்னா என்னைப் பண்ணுங்க."

"ரெண்டாவதா எது?" என்றார் ஆணையர்.

எல்லோரும் எழுத்தரைப் பார்த்தார்கள். எழுத்தர் கூரையைப் பார்த்தாள். ஆணையர் மேலே ஒன்றும் கேட்காமல் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்துத் தார்க்காரம்மாவிடம் கொடுத்து, போகலாம் என்றார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அவள் உறையை இவரிடம் நீட்டினாள். "நீங்களே பிரிங்கண்ணே. எனக்குக் கை ஓடல."

பிரித்தார். ஒரு தடவை படித்தார். நம்பிக்கை இல்லாமல் முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முத்திரைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அசல்தான். வருகிற முதல் தேதியிலிருந்து அவள் நிரந்தரப் பணியாளர். பட்டியலில் இருந்த மற்றவர்களுக்கு எல்லாம் அதற்கும் அடுத்த மாதம்தான் என்றிருக்க, இவளுக்கு மட்டும் முன்கூட்டியே கையெழுத்தாகியிருந்தது.

தார்க்காரம்மா சுவரில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அழுதாள். "என் பொண்ணுகிட்ட சொல்லணும், என் பொண்ணுகிட்ட சொல்லணும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் அவள் வல்லரசைக் கும்பிட, அவர் பதறிப்போய் ஆணையர் அறைக் கதவைக் காட்டினார். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டார். பத்து வருஷம் கூட ஆகாது, ஐந்தே வருஷம் என்று நினைத்தார்.

ஆனால் ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. வேலையும் கொடுத்துவிட்டு விசாரணையும் நடத்துவார்களா? வாசலில் அந்த வயதான பியூன் 412ஆம் எண் கோப்பை ஒரு துணிப்பையில் பத்திரமாகச் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வல்லரசு அவரிடம் போய், வெள்ளிக்கிழமை கொடுத்த 431 என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டார். பியூன் மாடிப்படிக்குக் கீழே வரிசையாக இருந்த மூட்டைகளைக் கையால் காட்டினார்.

"அதுல ஏதோ ஒண்ணுல இருக்கும். புகாரையெல்லாம் யாரு சார் படிக்கறா?"

"அப்ப முதல் கடிதத்தை மட்டும் ஏன் இப்படி மாத்தி மாத்தி விசாரிக்கறாங்க? கோப்ப எப்பதான் மூடுவாங்க?"

பியூன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"விசாரணையாவது ஒண்ணாவது சார், எனக்குத் தெரிஞ்சு முப்பத்தோரு வருஷத்துல இந்த ஆபீசுக்கு நன்றின்னு வந்த முதல் கடிதாசி இதுதான், கோப்ப மூடினா அலமாரிக்குள்ள போயிடுமேன்னு ஆளாளுக்கு ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி பொண்டாட்டி புள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டறாங்க, இன்னிக்கு என் முறை."