கண் ஆபரேஷனும் இரண்டு காப்பீடும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நலம். அங்கும் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன். உடம்புக்கு ஏதாவது என்றால் முதலில் எனக்குத்தான் எழுதியிருப்பாய். நம் குடும்பத்தில் காப்பீடு புரிந்தவன் நான் ஒருவன்தானே!

"அக்காவுக்குக் கண் ஆபரேஷன் எப்பதான் அத்தான் நடக்கும்? மூணு மாசமா ஊசியில நூல் கோக்க முடியலைன்னு அழுறா" என்று போனில் கத்தினாயே, அதற்குப் பதில் இது. பதறாதே. எல்லாம் என் கைக்குள் இருக்கிறது. ஆபரேஷனும் சாதாரண லென்சும் அரசுக் காப்பீட்டின் பொறுப்பு. தனி அறை, உயர்ந்த லென்ஸ் எல்லாம் நாம் கூடுதலாக எடுத்த காப்பீட்டின் பாடு. அரசு தன் பங்கை முடிவு செய்து கடிதம் கொடுத்த பிறகுதான் கூடுதல் காப்பீட்டுக் கம்பெனி வாயைத் திறக்கும். இவ்வளவுதான் விஷயம், பச்சைப்பிள்ளைக்கும் புரியும்.

எனக்குச் சற்றுத் தாமதமாகப் புரிந்தது, அவ்வளவே. தாலுகா ஆபீஸ் பதிவறையில் முப்பத்தொரு வருஷம் "நகல் செல்லாது" என்று ஊரையே திருப்பி அனுப்பியவன் நான். அந்தப் பழக்கத்தில் டாக்டர் கடிதத்தின் அசலைக் கம்பெனிக்கு முதலில் அனுப்பிவிட்டேன். அவர்கள் "அரசு முடிவு எங்க?" என்றார்கள். அரசு அலுவலகத்துக்கு ஓடினால் ஜன்னலில் இருந்த அம்மா, "டாக்டர் லெட்டர் எங்க சார்?" என்றார். திரும்பக் கம்பெனிக்கு ஓடினேன். "உள்ள வந்த அசலை வெளிய விடமாட்டோம், வேணும்னா நகல் தர்றோம்" என்கிறான் ஒரு பொடியன். நகலாம், என்னிடமே! டாக்டரிடம் போனால் அவரும் தன் பங்குக்கு 'நகல்' என்று முத்திரை குத்தி நீட்டினார். அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். மனுஷனுக்குக் கொள்கை என்று ஒன்று வேண்டாமா மாப்பிள்ளை? நாளை கம்பெனி மேலாளரைப் பார்க்கிறேன், ஒரே பேச்சில் முடித்துவிடுவேன். தையல் மிஷினில் குனிந்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவள் உன் அக்கா. அவளைப் பொது வார்டில் படுக்க விடுவேனா?

உன் வீட்டில் அனைவருக்கும் என் ஆசி. நோய் நொடி அண்டாமல் இருங்கள். அண்டினால் அசலைக் கையை விட்டு விடாதீர்கள்.

இப்படிக்கு,
எதற்கும் அசராத உன் அத்தான்

பி.கு.: மேலே உள்ளது திங்கட்கிழமை எழுதியது. செவ்வாயன்று நான் மேலாளர் அறை வாசலில் காத்திருந்த நேரத்தில், உன் அக்கா பக்கத்து வீட்டு நர்ஸோடு போய்ப் பொது வார்டிலேயே ஆபரேஷன் முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். டாக்டரிடம் நான் உதறிவிட்டு வந்த நகலைத்தான் வாங்கிப் போய் அரசு அலுவலக ஜன்னலில் கொடுத்தாளாம். போன வாரமே தேதி கிடைத்துவிட்டதாம். அரசுப் பங்குக்குக் கம்பெனியின் தயவே வேண்டியதில்லையாம். "ஏண்டி சொல்லலை?" என்றேன். "தனி ரூம் தனி ரூம்னு அவ்வளவு ஆசையா அலைஞ்சீங்க, வாய் வரலை" என்றாள். மூன்று மாதம் அவளை இருட்டில் வைத்திருந்தது நான்தான் மாப்பிள்ளை. இன்று காலை கட்டைப் பிரித்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். "என்னங்க, இப்படி இளைச்சுப் போயிட்டீங்களே!" என்று அழுதுவிட்டாள்.