ஏழு பல்பு எழுத்து

"இன்னா சூரியா, 'தீ'க்குத் தலையையே காணோம்?" என்றார் மேனேஜர் ஷபீ அஹமது.

சூரியபிரகாஷ் அண்ணாந்து பார்த்தான். ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனி அது. தோல் கட்டுகளுக்குப் பின்னால் தெரிந்த பச்சைக் கதவுக்கு மேலே, சென்னையிலிருந்து வாங்கி வந்த ஓடும் எழுத்து போர்டு. உயரத்தில் மொத்தம் ஏழே பல்பு. இங்கிலீஷ் ஜம்மென்று நின்றது. தமிழுக்கு மேலே கொம்பு போச்சு, கீழே வால் போச்சு.

"வெள்ளிக்கிழமை ஜெர்மன்காரர் வர்றாரு. 'தீப்பிடித்தால் பச்சைக் கதவு வழியாக வெளியேறவும்'னு தமிழ்ல ஓடணும். தொழிலாளிங்க படிச்சுக் காட்டணும். இல்லேன்னா ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லேன்னா கம்ப்யூட்டர் ஆளு எதுக்கு? ஏழு பல்புக்குள்ள அடங்குற மாதிரி நீயே புதுசா எழுத்து பண்ணு."

வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம்தான். அந்த வேலையைச் சொல்லித்தான் வீட்டில் பெண்ணே பேசி முடித்திருந்தார்கள்.

ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து எழுத்துகளின் கொம்பை மடக்கினான். வாலைச் சுருட்டி வயிற்றுக்குள் செருகினான். உயரம் அடங்கியது, உடம்பு பெருத்துவிட்டது. வாக்கியம் ஓடி முடிவதற்குள் டீ ஆறிப்போனது.

"தீப்பிடிச்சா, இது முடியற வரைக்கும் நிக்கணுமா தம்பி?" என்றாள் பசை ஒட்டும் கெங்கம்மாள்.

கட்டிங் மாஸ்டர் சாமிநாதன் வந்தார். தோலில் விரலகலம்கூட வீணாக்காமல் வெட்டிப் பழகிய கை.

"நடுவுல எவ்ளோ வேஸ்ட் உடறே! ஒரு பீஸோட வளைவுல அடுத்த பீஸைச் சொருகணும்ப்பா."

சொருகினார்கள். 'ப'வின் பள்ளத்தில் பக்கத்து எழுத்தின் மூக்கு போய் உட்கார்ந்தது. ஒரு பல்புகூட வீணாகவில்லை. ஒரு எழுத்துகூடத் தெரியவும் இல்லை.

"பார்டர் அழகா இருக்குது. புடவையில போடுங்க" என்றாள் கெங்கம்மாள்.

ஷபீ அஹமதுக்கு பேஜாராகிவிட்டது. "எழுத்தை உடு. எல்லாரும் மனப்பாடம் பண்ணுங்க. ஆங், கதவுக்குப் புது பெயின்ட் அடிச்சிருக்கு. யாரும் கிட்ட போகாதீங்க."

வெள்ளிக்கிழமை ஜெர்மன்காரர் போர்டைப் பார்த்துச் சொக்கி நின்றார்.

"இவ்ளோ அழகான எழுத்தை எங்கேயும் பார்த்ததில்லையாம்" என்றாள் மொழிபெயர்க்க வந்த பிரிஸ்கில்லா. "யாராவது படிங்க."

கெங்கம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கூட்டுகிறவள் போல விரலை நகர்த்தி, கணீரென்று ஒப்பித்தாள்.

ஜெர்மன்காரர் கைதட்டினார். ஆர்டரும் நிச்சயம், கல்யாணமும் நிச்சயம் என்று சூரியபிரகாஷ் மூச்சு விட்டான்.

"அந்தக் கதவைக் கொஞ்சம் தொறந்து காட்டச் சொல்றாரு" என்றாள் பிரிஸ்கில்லா.

மேனேஜர் கர்ச்சீப்பைத் தேடினார். கெங்கம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அதை எப்படிம்மா தொறக்கறது? போன வருஷம் வேற வெள்ளைக்காரர் வந்தப்போ செவுத்துல வரைஞ்ச கதவாச்சே!"